முப்பதடி வண்டியில் நானும் மாப்பிள்ளையும்

என் தங்கை மலர் அமெரிக்காவில் நர்சாக இருக்கிறாள். சால்ட் லேக் சிட்டி என்ற ஊரில் வீடு. பத்துப் பதினோரு வருடமாக "வாண்ணா, வாண்ணா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நானும் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தேன். புது ஆட்களிடம் பேச எனக்கு வராது. திருவொற்றியூரில் எங்கள் தெருவிலேயே நான் நின்று பேசுவது நாலு பேரிடம்தான். நாலு பேரும் என்னைப்போல் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவர்கள்.

இந்தத் தடவை அவள் கூப்பிட்ட விதம் வேறு மாதிரி இருந்தது.

"ண்ணா, ஊரு சுத்திப் பாக்கக் கூப்புடல. எனக்கு ஒரு வேலை ஆவணும். உன்னாலதான் ஆவும்."

வேலை அவள் கணவர் செந்திலைப் பற்றியது. பொள்ளாச்சிக்காரர், கம்ப்யூட்டர் உத்தியோகம், அதிர்ந்து பேசாத மனிதர். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால், பனி உறைந்து கண்ணாடியாகக் கிடந்த சாலையில் அவர் கார் மூன்று சுற்றுச் சுற்றி நடுத்திட்டில் போய் நின்றது. உடம்பில் கீறல்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை நடுங்குகிறது. ஓட்டுவதையே விட்டுவிட்டார். வீட்டிலிருந்தே வேலை என்பதால் சமாளித்தார்கள். இப்போது, அடுத்த மாதத்திலிருந்து ஆபீசுக்கு வந்தே ஆக வேண்டும் என்று உத்தரவு. ஆபீஸ் அறுபது கிலோமீட்டர். அந்தப் பக்கம் பஸ் கிடையாது. மலருக்கு ராத்திரி டூட்டி. அவர் ஓட்டாவிட்டால் வேலை போய்விடும்.

"டாக்டராண்ட காட்டியாச்சு. கையி நல்லா கீதாம், கண்ணு நல்லா கீதாம். பயம்தான். நீ ஒரு எட்டு நாளு அவர் பக்கத்துல ஒக்காரு, போதும்."

"நான் இன்னா பேசறது அவராண்ட?"

"நீ பேசவே வாணாம். நான் பக்கத்துல ஒக்காந்தா கத்துவேன், அவருக்குக் கையி இன்னும் ஜாஸ்தியா ஆடுது. நீ கம்முனு ஒக்காந்துகினு இரு. அதான் வேணும்."

என் மனைவி சுலோச்சனா இதைக் கேட்டுவிட்டு, "எட்டு நாளு ரெண்டு ஊமைங்க ஒரே வண்டியில. ஷோக்கா இருக்கும் போ" என்றாள். அவளையும் கூப்பிட்டேன். விமானத்தில் அத்தனை மணி நேரம் உட்கார முடியாது என்று முழங்காலைக் காட்டிவிட்டாள்.

மலர் ஏற்பாடு செய்திருந்தது மோட்டார் ஹோம். வீட்டைத் தூக்கி ஒரு லாரியின் முதுகில் வைத்த மாதிரி வண்டி. அதில் தேசியப் பூங்காக்களைச் சுற்றி வருவது அங்கே எல்லோருக்கும் ஓர் ஆசை. உள்ளே அடுப்பு, ஐஸ் பெட்டி, இரண்டு கட்டில், குளிக்கிற இடம், கக்கூஸ் எல்லாம் உண்டு. நான் இருபத்தேழு வருடம் டூல்பாக்சில் ஸ்டவ்வும், சீட்டுக்குப் பின்னால் ஒரு பலகையில் தூக்கமுமாக ஓட்டியவன். உள்ளே ஏறியதும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன்.

வாடகைக்கு விடுகிறவர் ஒரு மணி நேரம் விளக்கினார். அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே நான் வண்டியைச் சுற்றி வந்து, ஒரு கட்டையால் டயர்களைத் தட்டினேன். பின்பக்கம் ஜோடி டயர். இடதுபுறம் உள்டயர் சத்தம் மந்தமாக வந்தது.

"உங்க ஆள் என்ன பண்றாருன்னு கேக்கறாருங்க" என்றார் மாப்பிள்ளை.

"காத்து கம்மி, அந்த உள்டயர்ல."

வாடகைக்கு விடுகிறவர் நம்பாமல் மீட்டரை எடுத்து வந்து அளந்தார். பிறகு பேசாமல் காற்றடித்தார். போகும்போது என் தோளில் தட்டினார்.

மலர் சாவியை மாப்பிள்ளை கையில் கொடுத்தாள். அவர் அது சுடுகிற மாதிரி உடனே என் கையில் வைத்தார். "நீங்களே எடுங்க மச்சான். எனக்குச் சாமானெல்லாம் அடுக்கோணும்." வாடகைப் பத்திரத்தில் ஓட்டுநர் என்று எங்கள் இரண்டு பேர் பெயரும் இருந்தது. மலர் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

முப்பதடி வண்டி எனக்கு ஒரு விஷயமே இல்லை. நாற்பதடி கண்டெய்னரை மணலித் திருப்பத்தில் வளைக்கிறவனுக்கு இது பொம்மை. வலதுபக்கச் சாலைதான் முதல் ஒரு மணி நேரம் மிரட்டியது. கியர் தானாக மாறிக்கொள்வதால் ஒரு கைக்கு வேலையே இல்லை. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன். அப்புறம் வண்டி பழகிவிட்டது.

ஒரு டிராக்டரை முந்தும்போது வழக்கப்படி ஹாரன் கொடுத்தேன். அதில் இருந்தவர் திரும்பி எங்களைப் பார்த்து நடுவிரலைக் காட்டினார்.

"மச்சான், இங்க ஹாரன் அடிச்சா திட்டறதுன்னு அர்த்தமுங்க."

"நான் வரேன்னுதான் சொன்னேன்."

"அதை இங்க யாரும் சொல்றதில்லீங்க."

அதோடு சரி. அதற்குப் பிறகு எத்தனையோ மைல் ஒரு சத்தமும் இல்லாமல் ஓட்டினேன். காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. எண்ணூர் சாலையில் ஹாரன் இல்லாமல் ஒரு நிமிடம் போனால், முன்னால் ஏதோ விபத்து என்று அர்த்தம்.

அன்று சாயங்காலம் முதல் முகாம். மரங்களுக்கு நடுவே வண்டி நிறுத்த ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் பிரித்து வைத்திருக்கிறார்கள். பின்னால் தள்ளித்தான் நுழைய வேண்டும். மாப்பிள்ளை இறங்கிக் கைகாட்ட, நான் ஒரே தள்ளில் உள்ளே விட்டேன். சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். எனக்கு வெட்கமாகப் போய் உள்ளே ஓடி, ஜன்னல் துணியை இழுத்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டினார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மா, கையில் ஒரு தட்டு நிறைய அவரைப் பயறு. டெக்சாசிலிருந்து வருகிறார்களாம். "என் வீட்டுக்காரர் முக்கால் மணி நேரமாக அந்த மரத்தோடு சண்டை போடுகிறார், உங்கள் ஆள் கொஞ்சம் வருவாரா?" என்று கேட்டதாக மாப்பிள்ளை சொன்னார். போய் அவர் வண்டியை உள்ளே தள்ளி நிறுத்தித் தந்தேன். அதைப் பார்த்து இன்னொருவர் வந்தார். அவருக்கும் விட்டேன். இருட்டுவதற்குள் மூன்று வண்டி. மூன்றுக்கும் பின்னால் நின்று கைகாட்டியவர் மாப்பிள்ளை. துல்லியமாகக் காட்டினார். அந்த மனிதருக்கு வண்டியின் அளவு கண்ணில் இருக்கிறது. கையில்தான் ஏதோ அறுந்து போயிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

இரண்டாம் நாளிலிருந்து ஒன்றைக் கவனித்தேன். வண்டியில் ஓட்டுவதைத் தவிர எல்லா வேலையையும் அவர் எடுத்துக்கொண்டார். சமைப்பார். பாத்திரம் கழுவுவார். முன்கண்ணாடியைத் துடைப்பார். கக்கூஸ் தொட்டியைக் குழாய் மாட்டிக் காலி செய்யும் வேலை ஒன்று உண்டு. நான் போனால், "நானே பாத்துக்கறேனுங்க" என்று கையுறையை மாட்டிக்கொண்டு முந்திக்கொள்வார். ஒரு நாள் குழாய் சரியாக மாட்டாமல் தெறித்து, அவர் இடுப்புவரை நனைந்து நின்றார். அப்போதும் என்னைக் கிட்டே விடவில்லை. கை சும்மா இருந்தால் யாராவது சாவியைக் கொடுத்துவிடுவார்கள் என்று பயந்தவர் மாதிரி இருந்தது.

சமையல் அவர் ஊர்ச் சமையல். அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கி நெய் விடுவார். மலர் ஒரு பாட்டில் எறாத் தொக்குச் செய்து கொடுத்திருந்தாள். கரடி நடமாடும் காடு என்பதால் வாசனையுள்ள எதையும் வெளியே திறக்கக் கூடாது என்று முகாம் வாசலில் பலகை. கதவு ஜன்னலெல்லாம் சாத்திக்கொண்டு, ஏதோ திருட்டுக் காரியம் செய்கிறவர்கள் மாதிரி இரண்டு பேரும் எறாத் தொக்குச் சாப்பிட்டோம். மாப்பிள்ளை கண்ணில் தண்ணீர் வந்தது. காரம்.

கடையில் மீன் வாங்கலாம் என்று போனேன். தலை இல்லை, முள் இல்லை, தோல் இல்லை. வெள்ளையாக ஒரு துண்டு, பிளாஸ்டிக்கில் சுற்றிக் கிடந்தது. காசிமேட்டில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நான் ஒரு மீன் வாங்கியதில்லை. முகத்தைப் பார்க்காமல் எதை நம்பி வாங்குவது? வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் யெல்லோஸ்டோன். தரையிலிருந்து வெந்நீரும் ஆவியும் பீறிடுகிற பூங்கா. பலகைப் பாதையில் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் மஞ்சள், பச்சை, நீலம் என்று நிறம் நிறமாகக் குட்டைகள் கொதிக்கின்றன. அழகு. ஆனால் அழுகின முட்டை நாற்றம். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தார்கள். எங்களுக்கு முன்னால் போன ஒருவர் தன் மனைவியிடம் ஏதோ சொல்லி முகத்தைச் சுளித்தார்.

"என்னா சொல்றாரு?"

"இந்த நாத்தத்துல பத்து நிமிசத்துக்கு மேல மனுசன் இருக்க முடியாதுன்னு சொல்றாருங்க."

"எண்ணூருக்கு வந்து ஒரு டீ குட்சிட்டுப் போவச் சொல்லுங்க."

மாப்பிள்ளை சிரித்தார். நான் வந்ததிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நான் தமாஷ் பேசி யாரும் சிரித்துப் பார்த்ததில்லை. உண்மையில், எண்ணூர் ஆலைப் புகையில் பழகிய எனக்கு அந்த நாற்றம் தொந்தரவாகவே இல்லை. தூரத்தில் வரிசையாக எழும்பிய வெள்ளைப் புகையைப் பார்த்தபோது, காலையில் ஷிப்டுக்குப் போகிற மாதிரி கால் தானாக வேகமாக நடந்தது.

நாலாம் நாள் காலையில் ஓர் ஏரிக்கரையில் நிறுத்தினோம். பெரிய மைதானம், ஒரு வண்டி இல்லை. நான் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு இறங்கி, டிரைவர் சீட்டைக் காட்டினேன்.

"மாப்பிள்ளை. சும்மா ஒரு ரவுண்டு."

அவர் ஏறி உட்கார்ந்தார். சீட்டைச் சரி செய்தார். கண்ணாடிகளைச் சரி செய்தார். பெல்ட் போட்டார். ஸ்டியரிங்கில் கை வைத்தார். நான் பக்கத்துச் சீட்டில் ஏறி, ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டேன். வண்டி கிளம்பவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தபோது அவர் கை முழங்கை வரைக்கும் ஆடிக்கொண்டிருந்தது. சட்டைக் காலர் நனைந்துவிட்டது. கடைசியில் பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்னால் போய், ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தார்.

மத்தியானம் அந்தக் கரையிலேயே உட்கார்ந்து சாப்பிடும்போது அவராகவே சொன்னார். "அன்னைக்கு நான் சரியாத்தான் திருப்புனேனுங்க மச்சான். பிரேக்கும் சரியாத்தான் புடிச்சேன். நான் சொன்னதை வண்டி கேக்கலீங்க. அதான். மறுபடி கேக்கும்னு எப்படி நம்பறது?"

எனக்குச் சொல்ல விஷயம் இருந்தது. ஒரு மழையில் மாதவரம் பக்கம் என் கண்டெய்னர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, எட்டுச் சக்கரம் தரையை விட்டு எழும்பி, பிறகு என்ன நினைத்ததோ திரும்ப உட்கார்ந்தது. மறுநாள் நான் எப்படி வண்டி ஏறினேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. வெளியே வரவில்லை. "சோறு போட்டுக்குங்க" என்றேன்.

அன்று மலர் எனக்குப் போன் செய்தாள்.

"இன்னா ஆச்சு?"

"ஒக்காந்தாரு."

"ஓட்னாரா?"

"ஒக்காந்தாரு."

"சர்தான்" என்றாள். அப்புறம், "இன்னும் நாலு நாளு கீது" என்றாள். அது எனக்குச் சொன்ன மாதிரி இல்லை.

ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் நான் எதுவும் கேட்கவில்லை. அவரும் சாவி பக்கம் பார்க்கவில்லை. காட்டெருமைக் கூட்டம் ஒன்று சாலையை மறித்து நின்று, ஒரு மணி நேரம் எங்களை நகரவிடவில்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மாடுகள் செய்வதைத்தான் இவையும் செய்தன. ஆனால் இங்கே எல்லோரும் அதைப் போட்டோ எடுத்தார்கள்.

ஏழாம் நாள். மறுநாள் வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பூங்காவிலிருந்து இறங்குகிற மலைப்பாதையில் சாலை வேலை நடந்துகொண்டிருந்தது. பாதி அகலம் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒரு சமயத்தில் ஒரு பக்க வண்டிகளை மட்டுமே விடுவார்கள். முன்னால் மஞ்சள் விளக்குப் போட்ட வழிகாட்டி வண்டி ஒன்று கூட்டிப்போகும். ஆரஞ்சு சட்டை போட்ட ஓர் அம்மா, நில் என்று எழுதிய தட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வண்டியாக வந்து, அரை மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார்கள். எங்களுக்கு முன்னால் நின்றது ஒரு பழைய பிக்கப் வண்டி. அதிலிருந்த தாத்தா தூரக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கீழே ஆற்றங்கரையில் மான் பார்க்கப் போய்விட்டார். மாப்பிள்ளை பின்னால் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. வரிசை நகர்ந்தது.

எண்ணூர் சாலையில் துறைமுக வாசலுக்குப் போகும் டிரெய்லர் வரிசை சில நாள் மூன்று நான்கு கிலோமீட்டர் நிற்கும். குளிக்கவோ சாப்பிடவோ இறங்குகிற டிரைவர் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுத்தான் போவான். வரிசை நகர்ந்தால், பின்வண்டிக்காரன் முன்வண்டியில் ஏறிப் பத்தடி நகர்த்திவிட்டு ஓடி வந்து தன் வண்டியை எடுப்பான். அவன் வருவதற்கு நேரமானால் அவன் வண்டியை அவனுக்குப் பின்னால் இருப்பவன் எடுப்பான். இடைவெளி விட்டால் வேறு எவனாவது குறுக்கே நுழைந்துவிடுவான். யார், எந்த ஊர், எந்தக் கம்பெனி என்று கேட்க மாட்டோம். கேட்டால்தான் கேவலம்.

நான் யோசிக்கவே இல்லை. இறங்கினேன், ஓடினேன், பிக்கப்பில் ஏறினேன். சாவி அதிலேயே இருந்தது. நகர்த்தினேன்.

பத்தடியில் நிற்கும் என்று நினைத்த வரிசை நிற்கவில்லை. முன்வண்டி போய்க்கொண்டே இருந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் தோண்டிய பள்ளம், நடுவில் ஒரு வண்டிக்கு மட்டும் வழி. கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் வந்தது எங்கள் வண்டி இல்லை, ஒரு சிவப்புக் கார். எங்கள் வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். நான் நிறுத்தினால் அத்தனை பேரும் நிற்க வேண்டும். ஒற்றை வழியில் வண்டியை நிறுத்துவது என் தொழிலில் பெரிய பாவம். போய்க்கொண்டே இருந்தேன்.

அப்போது காதில் சூடாக மூச்சுக் காற்று பட்டது. திரும்பினால், பின்சீட்டிலிருந்து ஒரு பெரிய மஞ்சள் நாய் தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

அது குரைக்கவில்லை. சாலையை ஒரு முறை பார்த்தது, என்னை ஒரு முறை பார்த்தது, என் தோளில் முகவாயை வைத்துக்கொண்டது. ஐந்து மைல் அப்படியே போனோம்.

மறுமுனையில் ஓரமாக நிறுத்தி இறங்கினேன். அங்கே தட்டி பிடித்திருந்தவரிடம் போய், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "சார், இது என் வண்டி இல்லை" என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் வயர்லெஸ் கத்த ஆரம்பித்தது. நாயோடு வண்டி திருடு போய்விட்டது என்று அந்தப் பக்கம் சொல்லியாகிவிட்டது.

அகலத் தொப்பி வைத்த பூங்கா அதிகாரி ஒருவர் வந்தார். என் லைசென்சை வாங்கி, நிதானமாக இரண்டு பக்கமும் படித்தார்.

"ஏன் எடுத்தாய்?"

"வரிசை நகர்ந்தது சார். அவர் இல்லை. எங்கள் துறைமுகத்தில் பின்வண்டிக்காரர்தான் முன்வண்டியை நகர்த்துவார்." கையாலும் நடித்துக் காட்டினேன்.

"அடுத்தவர் வண்டியையா?"

"வரிசையில் மட்டும் சார்."

அவர் யோசித்தார். "அப்படியானால் உன் வண்டியை யார் கொண்டுவருவார்?"

"பின்னால் இருப்பவர்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களுக்குப் பின்னால் இருந்தவர்தான் சுற்றிக்கொண்டு எப்போதோ போய்விட்டாரே. அந்த வண்டியில் மாப்பிள்ளை மட்டும் இருக்கிறார். கையில் பூண்டோடு.

எதிர்ப்பக்க வண்டிகள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போயின. முப்பது நாற்பது இருக்கும். நாய்க்குத் தாகம் எடுத்தது. அதிகாரி தன் பாட்டிலிலிருந்து தொப்பியில் ஊற்றிக் கொடுத்தார். வயர்லெஸ் மறுபடி பேசியது. அவர் என்னிடம் திரும்பி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எங்கள் வண்டி அங்கேயே நிற்கிறது. நான்கு விளக்கும் சிமிட்டுகிறது. உள்ளே இருப்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார், கிளம்பவில்லை. அங்கே வேலையாட்களில் பெரிய வண்டி ஓட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார். அவரை எடுத்து வரச் சொல்லட்டுமா?

சரி என்று சொல்வது சுலபம். எந்த அதிகாரியிடமும் சரி சார் என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லிப் பழக்கம் இல்லாதவன் நான்.

"வேண்டாம் சார்" என்றேன். "கொஞ்சம் பொறுங்கள். அவர் டிரைவர்."

"டிரைவரா?"

"நல்ல டிரைவர் சார்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வயர்லெஸ்ஸில் ஏதோ சொன்னார்.

அடுத்த கால் மணி நேரம் எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. பள்ளமும் பாறையும் நான் ஓட்டி வந்த வழி. அதில் ஒரு அடி தப்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று ஒரு பக்கம் தோன்றியது. மலருக்கு என்ன பதில் சொல்வது? நாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வளைவில் மஞ்சள் விளக்குத் தெரிந்தது. வழிகாட்டி வண்டி. அதன் பின்னால் ஒரு கார். இன்னொரு கார். ஒரு வேன். அப்புறம் யாரும் இல்லை. நான் கண்ணை எடுக்கவில்லை. பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் வண்டியின் வெள்ளை நெற்றி மெதுவாக, மிக மெதுவாக வெளியே வந்தது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. ஆனால் இரண்டு வைப்பரும் முழு வேகத்தில் ஆடிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளை இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, முன்கண்ணாடியில் மூக்கு இடிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தாத்தா, கையை நீட்டி நீட்டி எதையோ காட்டிப் பேசிக்கொண்டே வந்தார்.

வண்டி ஓரமாக வந்து சுத்தமாக நின்றது. தாத்தா குதித்து இறங்கி முதலில் நாயிடம் போனார். அதைத் தடவிப் பார்த்து, காதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அப்புறம் என்னிடம் வந்தார். ஆறடி இருப்பார். அடிக்கட்டும் என்று தலையைக் குனிந்து நின்றேன். அதிகாரி அவரிடம் துறைமுகம், வரிசை, பத்தடி என்று என் கதையைச் சொன்னார். தாத்தா என்னிடம் இரண்டு வாக்கியம் சொன்னார். அதிகாரி சிரித்தார்.

மாப்பிள்ளை இறங்காமல் ஜன்னல் வழியே மொழிபெயர்த்தார். "வண்டி போனாக்கூட பரவால்லையாமுங்க. நாய் இவ்வளவு சீக்கிரம் இன்னொருத்தனோட போயிருச்சேங்கறதுதான் வருத்தமாமுங்க."

இனி அடுத்தவர் வண்டியைத் தொடக் கூடாது என்று அதிகாரி விரலை ஆட்டி எச்சரித்துவிட்டு லைசென்சைத் திருப்பிக் கொடுத்தார். தாத்தா கை கொடுத்தார். நான் பழக்கதோஷத்தில் ஓட்டுகிற பக்கத்துக் கதவண்டை போய் நின்றேன்.

மாப்பிள்ளை கதவைத் திறக்கவில்லை.

"அக்கட்டால வந்து ஏறுங்க மச்சான். பின்னாடி வண்டி நிக்குதுங்க."

சுற்றிக்கொண்டு போய் ஏறினேன். வண்டி முழுவதும் பூண்டு வாசனை. கிளம்பினார். கை ஆடிக்கொண்டுதான் இருந்தது. வண்டி ஆடவில்லை.

"அந்தப் பெரியவர் நானே ஓட்டறேன்னு சொன்னாருங்க" என்றார், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல். "பத்திரத்துல நம்ம ரெண்டு பேர் பேருதானுங்களே இருக்குது. எப்படிக் குடுக்கறது? ஏதாச்சும் ஆச்சுன்னா இன்சூரன்ஸ் கெடைக்காதுங்க."

"அது கரீட்டுதான்."

"நீங்க ஏன் மச்சான் எறங்கிப் போனீங்க?"

"லைனு நகந்திச்சி."

ஒரு மைல் போனதும், "இந்த வைப்பரை எப்படி நிறுத்தறதுங்க?" என்றார். குச்சியைக் காட்டினேன். நிறுத்தினார். இறக்கத்தில் பிரேக்கை மெல்ல மிதித்தார். வண்டி அவர் சொன்னதைக் கேட்டது. எதிரே பெரிய லாரி ஒன்று வந்தது. தோள் இறுகியது, அது கடந்து போனதும் இறங்கியது. அடுத்த லாரிக்கு அவ்வளவு இறுகவில்லை.

போன் அடித்தது. அவர் போன்தான், நடுவில் தாங்கியில் மாட்டியிருந்தது. மலர் பெயர். எடுத்துப் பேசினேன்.

"இன்னா நீ எடுக்கறே? அவரு எங்க?"

"அவரால இப்பப் பேச முடியாது மலரு. வண்டி ஓட்டிகினு கீறாரு."

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அப்பறம் இன்னாத்துக்கு நீ பேசிகினு கீறே?" என்று கத்தினாள். "போனை வையி. அவரு ரோட்டைப் பாக்கட்டும்."

வைத்தேன்.